முத்திரையும் மனச்சாட்சியும்: சான்சரி கடந்து வந்த பாதை

ரோமானியப் பேரரசின் பிற்காலத்து நீதிக் கூடங்களில் நீதிபதி அமரும் இடத்தையும் மக்கள் நிற்கும் இடத்தையும் பிரிக்கும் கம்பித் தடுப்பு ஒன்று இருந்தது. அந்தத் தடுப்பருகே நின்று பணி செய்த ஊழியரைத் தடுப்பின் பெயராலேயே கான்சலாரியஸ் என்று அழைத்தார்கள். வாயிற்காவலர் நிலையில் தொடங்கிய இந்தப் பதவி, சில நூற்றாண்டுகளில் எழுத்தர், செயலர், அரசரின் முத்திரையைக் காப்பவர் என்று படிப்படியாக உயர்ந்தது. சான்சலர் என்பவர் அவர்தான். அவருடைய அலுவலகம் சான்சரி. ஜெர்மனியின் ஆட்சித் தலைவர், பல்கலைக்கழக வேந்தர், தூதரகங்களின் அலுவலகக் கட்டடம் ஆகியவற்றுக்கு வழங்கும் பெயர்களும் இந்த வேரிலிருந்து வந்தவையே. ஆனால் சான்சரி ஆழமாக வேரூன்றிய துறைகள் இரண்டு. ஒன்று இங்கிலாந்தின் நீதிமுறை. மற்றது திருச்சபை நிர்வாகம். சென்னை உயர் நீதிமன்ற வளாகம் வரை இரண்டின் தடமும் நீள்கிறது.

இடைக்கால இங்கிலாந்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் குருமார்களே. ஆகவே மன்னரின் சான்சலராகவும் நெடுங்காலம் குருமார்களே இருந்தார்கள். 1155-ல் இரண்டாம் ஹென்றியின் சான்சலரான தாமஸ் பெக்கட், 1162-ல் கேன்டர்பரிப் பேராயரானார். மன்னரோடு முரண்பட்டு 1170-ல் தம் பேராலயத்துக்குள்ளேயே கொல்லப்பட்டார். அவர் காலத்துச் சான்சரி நீதிமன்றம் அல்ல, எழுத்தகம். மன்னரின் சாசனங்களும் நியமன உத்தரவுகளும் அங்கே எழுதப்பட்டுப் பெருமுத்திரை பெற்றன. வழக்குத் தொடர விரும்பும் குடிமக்களும் முதலில் அங்கேதான் போக வேண்டும். மன்னரின் நீதிமன்றம் ஒரு வழக்கை எடுத்துக்கொள்ள ‘ரிட்’ என்னும் ஆணை தேவை. அதைக் கட்டணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தது சான்சரி. எந்தக் குறைக்கு எந்த ரிட் என்று வாய்பாடு இருந்தது. வாய்பாட்டில் அடங்காத குறைக்குப் புது ரிட் எழுதும் வழக்கமும் இருந்தது. நீதிமன்றத்தின் கதவை எழுத்தர்களே திறந்துவிடுவதைப் பிரபுக்கள் விரும்பவில்லை. மன்னரின் ஆலோசனை மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் புதிய ரிட்டுகளை வழங்கக் கூடாது என்று 1258-ல் ஆக்ஸ்ஃபோர்டில் விதி செய்தார்கள். பொதுச் சட்ட நீதிமன்றங்கள் எனப்படும் மன்னரின் நீதிமன்றங்கள் அதன்பிறகு மெல்ல மெல்ல இறுகின.

அந்த இறுக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு கடன் பத்திரம் போதும். ஒருவர் முத்திரையிட்ட பத்திரம் எழுதிக் கொடுத்துக் கடன் வாங்குகிறார். சொன்ன நாளில் முழுவதையும் திருப்பிக் கொடுக்கிறார். ஆனால் பத்திரத்தைத் திரும்ப வாங்கிக் கிழித்துப்போட மறந்துவிடுகிறார். கடன் கொடுத்தவர் அதே பத்திரத்தோடு மறுபடியும் வழக்குப் போட்டால், பொதுச் சட்ட நீதிபதி பத்திரத்தை மட்டுமே பார்ப்பார். பணம் கொடுத்ததற்குச் சாட்சி சொல்ல அங்கே இடமில்லை. கடனாளி இன்னொரு முறை கட்ட வேண்டியதுதான்.

இப்படி அடிபட்டவர்கள் நீதியின் ஊற்றாகக் கருதப்பட்ட மன்னரிடம் நேரடியாக மனுக் கொடுத்தார்கள். மனுக்கள் பெருகப் பெருக மன்னர் அவற்றைச் சான்சலரிடம் தள்ளினார். 14-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் மனுக்கள் சான்சலரின் பெயருக்கே எழுதப்படலாயின. குருவான சான்சலர், மனுவைப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் கண்ணோடு பார்த்தார். பத்திரம் என்ன சொல்கிறது என்பதைவிட, எதிராளியின் மனச்சாட்சி என்ன சொல்கிறது என்பதே அவருக்கு முக்கியம். ‘சப்பீனா’ என்னும் அழைப்பாணையால் எதிராளி வரவழைக்கப்பட்டு, சத்தியம் செய்விக்கப்பட்டு விசாரிக்கப்பட்டார். பொதுச் சட்ட நீதிமன்றம் தன் தரப்புக்காக வாய் திறக்கவே அனுமதிக்காத ஆளை, சான்சரி உண்மை சொல்லச் சொல்லி வற்புறுத்தியது. அது தந்த பரிகாரமும் வேறு. நட்ட ஈட்டோடு நிற்காமல், இதைச் செய், இதைச் செய்யாதே என்று ஆளுக்கே உத்தரவிட்டது, மீறினால் சிறை. இன்று எந்த முன்சீப் கோர்ட்டிலும் கேட்கும் தடையுத்தரவும், கிரய ஒப்பந்தம் எழுதிவிட்டு மறுப்பவரைப் பத்திரம் பதிந்து கொடுக்க வைக்கும் ‘ஏற்றது ஆற்றுக’ வழக்கும் இங்கே பிறந்தவை. பொதுச் சட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த இந்த நீதிமுறைக்கு ஈக்விட்டி என்று பெயர்.

அதன் மிகப் பெரிய படைப்பு டிரஸ்ட். சிலுவைப் போருக்குப் புறப்படும் வீரர் ஒருவர் மனைவி மக்களின் நலனுக்காக நிலத்தை நண்பரின் பெயரில் எழுதி வைக்கிறார். சொத்து வைத்திருக்கக் கூடாது என்று விரதம் பூண்ட பிரான்சிஸ்கன் துறவிகளுக்காகவும் வேறொருவர் பெயரில் வீடு வாங்கப்படுகிறது. பெயருக்கு உரிமையாளரான அந்த நண்பர் நிலம் தன்னுடையதே என்று சாதித்தால், பொதுச் சட்டம் அவர் பக்கமே நிற்கும். சான்சலரோ பத்திரத்தைத் தொடாமல், பத்திரக்காரரின் மனச்சாட்சியைக் கட்டினார்: சொத்து உன் பெயரில் இருக்கலாம், பலன் அவர்களுக்கே. உரிமையும் பலனும் இப்படிப் பிரிந்ததன்மேல்தான் அறக்கட்டளை, ஓய்வூதிய நிதி, பரஸ்பர நிதி எல்லாம் இன்று நிற்கின்றன. அடமானச் சட்டத்துக்கும் சான்சரியே தாய். கெடு நாளில் பணம் கட்டாவிட்டால் நிலம் போயிற்று என்றது பொதுச் சட்டம். நிலம் ஈடுதான், விற்பனையல்ல. தாமதமானாலும் கடனைத் தீர்த்து மீட்கலாம் என்றது சான்சரி. இந்தியாவின் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 60-ஆவது பிரிவு இந்த மீட்புரிமையைத்தான் எழுத்தில் வடித்திருக்கிறது.

இரண்டு நீதிமுறைகள் ஒரே நாட்டில் இயங்கினால் மோதல் வராமல் போகாது. பொதுச் சட்ட நீதிமன்றத்தில் வென்றவரைத் தீர்ப்பை நிறைவேற்றவிடாமல் சான்சரி தடுத்தபோதெல்லாம் நீதிபதிகள் கொதித்தார்கள். 1529-ல் லார்டு சான்சலரான தாமஸ் மோர், முணுமுணுத்த நீதிபதிகளை விருந்துக்கு அழைத்து, தாம் பிறப்பித்த தடையுத்தரவுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார் என்றும், அந்த இடத்தில் இருந்திருந்தால் தாங்களும் இதையே செய்திருப்போம் என்று அவர்கள் ஒப்புக்கொண்டார்கள் என்றும் அவருடைய மருமகன் எழுதி வைத்திருக்கிறார். 1615-ல் தலைமை நீதிபதி எட்வர்ட் கோக்குக்கும் சான்சலர் எல்ஸ்மியருக்கும் மூண்ட சண்டை அப்படி விருந்தில் தீரவில்லை. மறு ஆண்டு மன்னர் முதலாம் ஜேம்ஸ், பிரான்சிஸ் பேக்கனின் ஆலோசனையோடு சான்சரிக்குச் சாதகமாக முடிவு சொன்னார்: பொதுச் சட்டமும் ஈக்விட்டியும் முரண்பட்டால் ஈக்விட்டியே மேல்.

ஆனால் கோக் தரப்பின் கவலை வெறும் பொறாமை அல்ல. மனச்சாட்சிப்படி தீர்ப்பு என்றால் யாருடைய மனச்சாட்சி? சான்சலருக்குச் சான்சலர் காலின் நீளம் மாறுகிறது. ஈக்விட்டியும் அப்படி மாறலாமா என்று சட்ட அறிஞர் ஜான் செல்டன் கேட்ட கேள்விக்குச் சான்சரி பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. 1673 முதல் நாட்டிங்ஹாம் பிரபுவும், 1737 முதல் ஹார்ட்விக் பிரபுவும் பதில் சொன்னார்கள். சான்சலரின் மனச்சாட்சி தனிமனிதருடைய இயல்பான மனச்சாட்சி அல்ல. முன்தீர்ப்புகளாலும் விதிகளாலும் கட்டுண்ட பொது மனச்சாட்சி என்று ஆயிற்று. சான்சரியின் வரலாற்றில் மிக நல்ல மாற்றம் இதுதான். இரக்கம் காட்டும் அதிகாரத்துக்குக் காரணம் சொல்லும் கடமையும் சேர்ந்தே வந்தது.

விதி வந்தது; கூடவே தாமதமும் வந்தது. எழுத்தகமாகப் பிறந்த சான்சரி எழுத்தாலேயே சீரழிந்தது. சாட்சியம், வாதம், பதில் எல்லாம் காகிதத்தில். படிகளை அலுவலக எழுத்தர்களிடமே விலைக்கு வாங்க வேண்டும்; 90 சொற்கள் ஒரு ஃபோலியோ, ஃபோலியோவுக்கு இவ்வளவு என்று கட்டணம். வளவளவென்று எழுதினால் எல்லோருக்கும் லாபம், வழக்காடியைத் தவிர. 1596-ல் 16 தாளில் முடிய வேண்டிய பதிலை 120 தாளுக்கு நீட்டி எழுதிய வாதியின் மகனுக்கு நீதிமன்றம் விசித்திரமான தண்டனை கொடுத்தது. அந்தக் காகிதக் கட்டின் நடுவே ஓட்டை போட்டு, அவர் தலையை அதில் நுழைத்து, எழுத்துப் பக்கம் வெளியே தெரியும்படி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம் முழுக்க நடத்திக் காட்டினார்கள். அபராதம் வேறு. பெரிய குற்றங்களும் நடந்தன. வழக்குச் சொத்துக் கணக்குகளைப் பார்க்கும் ‘மாஸ்டர்’ பதவிகள் விலைக்கு விற்கப்பட்டன. வாங்கியவர்கள் வழக்காடிகளின் வைப்புப் பணத்தை எடுத்துச் சூதாடினார்கள். 1720-ல் சவுத் சீ கம்பெனியின் பங்குகள் சரிந்தபோது அந்தப் பணமும் போயிற்று. பதவிகளை விற்ற லார்டு சான்சலர் மேக்கிள்ஸ்ஃபீல்டு 1725-ல் நாடாளுமன்றத்தால் குற்றவாளி என்று தீர்க்கப்பட்டு, 30,000 பவுண்டு அபராதம் கட்டும்வரை லண்டன் கோபுரத்தில் அடைக்கப்பட்டார்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் சான்சலராக இருந்த எல்டன் பிரபு நேர்மையானவர், பெரிய அறிவாளி. ஆனால் சந்தேகம் தீராமல் தீர்ப்புச் சொல்லமாட்டார். அவர் தயங்கத் தயங்க வழக்குகள் மலைபோல் குவிந்தன. ‘கிறிஸ்துமஸ் கரோல்’ கதையைத் திருடி அச்சிட்டவர்கள்மீது சார்லஸ் டிக்கன்ஸ் 1844-ல் சான்சரியில் வழக்குப் போட்டு வென்றார். எதிராளிகள் திவாலாகிவிட, செலவு முழுவதும் அவர் தலையில் விழுந்தது. 1852-53-ல் தொடராக வெளிவந்த ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் தலைமுறைகளைத் தின்னும் சான்சரி வழக்கை அவர் எழுதியபோது அது கற்பனை என்று யாரும் நினைக்கவில்லை. அதே 1852-ல் மாஸ்டர் பதவிகளை ஒழிக்கச் சட்டம் வந்தது. 1873-ஆம் ஆண்டு நீதித் துறைச் சட்டம் 1875-ல் நடைமுறைக்கு வந்ததும் தனி நீதிமன்றமாக இருந்த சான்சரி மறைந்து, உயர் நீதிமன்றத்தின் ஒரு பிரிவாயிற்று. முரண்பட்டால் ஈக்விட்டியே மேல் என்ற 1616-ஆம் ஆண்டு முடிவை அந்தச் சட்டமும் எழுதி வைத்தது.

இங்கிலாந்தில் பிரிவாகச் சுருங்கிய சான்சரி, அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 1792 முதல் தனி நீதிமன்றமாகவே வாழ்கிறது. அமெரிக்காவின் பெருநிறுவனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை டெலவேரில் பதிவானவை என்பதால், இயக்குநர்களும் பங்குதாரர்களும் மோதிக்கொள்ளும் வழக்குகள் அங்கே வருகின்றன. ஜூரி கிடையாது, சான்சலரே தீர்ப்பளிப்பார். ட்விட்டரை வாங்க ஒப்பந்தம் போட்டுவிட்டு எலான் மஸ்க் பின்வாங்கியபோது, 2022-ல் ட்விட்டர் அங்கேதான் போயிற்று. கேட்டது நட்ட ஈடு அல்ல, ஒப்பந்தத்தை நிறைவேற்றும் உத்தரவு. விசாரணைக்கு முன்பே மஸ்க் வாங்கி முடித்தார். ஆனால் அந்த நீதிமன்றத்தின் உண்மையான பெருமை வணிக வழக்கில் இல்லை. 1952-ல் சான்சலர் காலின்ஸ் சைட்ஸ், கறுப்பினக் குழந்தைகளுக்கான பள்ளிகளையும் வெள்ளையர் பள்ளிகளையும் நேரில் போய்ப் பார்த்தார். வெள்ளைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பேருந்து போகும் சாலையில் கறுப்பினச் சிறுமிக்குப் பேருந்து இல்லை. அந்தக் குழந்தைகளை உடனே வெள்ளையர் பள்ளியில் சேர்க்க அவர் உத்தரவிட்டார். பள்ளிகளில் நிறப் பாகுபாட்டை ஒழித்த 1954-ஆம் ஆண்டு பிரௌன் வழக்கில் ஒன்றாக விசாரிக்கப்பட்ட ஐந்து வழக்குகளில், கீழ்நீதிமன்றத்திலேயே குழந்தைகள் வென்றது இது ஒன்றுதான்.

திருச்சபையில் சான்சரி வேறு வழியில் நடந்தது. திருத்தந்தையின் சான்சரி இடைக்கால ஐரோப்பாவின் மிக நேர்த்தியான எழுத்தகம். அங்கிருந்து புறப்பட்ட ஆணைமடல்களில் ஈய முத்திரை தொங்கும். ஒரு பக்கம் புனித பேதுரு, பவுல் முகங்கள், மறுபக்கம் திருத்தந்தையின் பெயர். 1198-ல் பொறுப்பேற்ற மூன்றாம் இன்னசென்ட், போலி மடல்கள் எப்படியெல்லாம் தயாரிக்கப்படுகின்றன என்று வகை பிரித்துக் காட்டி, முத்திரையையும் தாளையும் நூலையும் சோதிக்கச் சொன்னார். அனுப்பிய மடல்களின் பதிவேடுகள் அவர் காலம் முதல் தொடர்ச்சியாக இருக்கின்றன. 1329-ல் இருபத்திரண்டாம் யோவான் கொல்லத்தை மறைமாவட்டமாக்கிய ஆணையும், 1606-ல் ஐந்தாம் பவுல் மயிலாப்பூரை மறைமாவட்டமாக்கிய ஆணையும் திருத்தந்தையரின் இந்த ஆணைமடல் மரபில் வந்தவை. கட்டணமும் பதவி விற்பனையும் இங்கும் நுழைந்தன. 1457 முதல் 35 ஆண்டுகள் துணைச் சான்சலராக இருந்து பெரும் செல்வம் சேர்த்த ரோட்ரிகோ போர்ஜியா, ஆறாம் அலெக்சாண்டர் என்ற பெயரில் திருத்தந்தையே ஆனார். 20-ஆம் நூற்றாண்டில் பணிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து போய், 1973-ல் ஆறாம் பவுல் அந்தச் சான்சரியை மூடினார்.

மறைமாவட்டங்களில் மட்டும் சான்சலர் இருக்கிறார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி, ஆயரகத்தின் ஆவணங்களைத் திரட்டி, ஒழுங்குபடுத்தி, காப்பகத்தில் பத்திரப்படுத்துவதே அவருடைய முதல் வேலை. ஆயர் பிறப்பிக்கும் சட்ட விளைவுள்ள ஆணைகளில் ஆயரின் கையெழுத்தோடு சான்சலரோ நோட்டரியோ கையெழுத்திட வேண்டும். சான்சலர் குருவாக இருக்க வேண்டியதில்லை. பொதுநிலையினரும் பெண்களும் ஆகலாம். பங்கு மக்களுக்கு இந்த அலுவலகம் நினைவுக்கு வருவது பெரும்பாலும் கல்யாணத்தின்போது. பங்குத்தந்தை ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிச் சான்றிதழ் எழுதுவார், கோயிலில் மூன்று முறை திருமண அறிவிப்பான ஓலையை வாசிப்பார். மணமக்களில் ஒருவர் வேற்றுச் சமயத்தவர் என்றால் ஆயரகத்திலிருந்து விலக்கு வர வேண்டும். அந்தத் தாள் வராமல் திருச்சபைச் சட்டப்படி திருமணம் செல்லாது.

அதே தொகுப்பு இரகசியக் காப்பகம் ஒன்றும் வேண்டும் என்கிறது. அதன் சாவி ஆயரிடம் மட்டும்தான். ஒழுக்கம் சார்ந்த குற்ற வழக்குகளில் குற்றவாளி இறந்துபோனாலோ, தண்டனைத் தீர்ப்பு வந்து பத்து ஆண்டு கழிந்தாலோ ஆவணங்களை அழித்துவிட்டு, நிகழ்வின் சுருக்கத்தையும் தீர்ப்பையும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மனிதரின் மானத்தைக் காக்க எழுந்த விதி, குழந்தைகளைச் சீரழித்தவர்களைக் காக்கும் சுவராகவும் பயன்பட்டது. 2018-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பெருநடுவர் குழு வெளியிட்ட அறிக்கை, அங்குள்ள மறைமாவட்டங்களின் இரகசியக் காப்பகங்களிலிருந்து கைப்பற்றிய தாள்களைப் பெருமளவு சார்ந்து எழுதப்பட்டது. மறைக்க வைத்த தாள்களே சாட்சி சொன்னது திருச்சபைக்குத் தலைகுனிவு. பாதிக்கப்பட்டவர்களுக்கு, பல்லாண்டு காலம் மறுக்கப்பட்ட உண்மை. அடுத்த ஆண்டு டிசம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், இத்தகைய வழக்குகளுக்கு இருந்த ‘திருத்தந்தை இரகசியம்’ என்னும் கட்டுப்பாட்டை நீக்கினார். இது மிகவும் காலம் கடந்து வந்த சீர்திருத்தம்.

இங்கிலாந்துத் திருச்சபையிலோ மறைமாவட்டச் சான்சலர் என்பவர் காப்பாளர் அல்ல, நீதிபதி. 1857 வரை உயில்களை மெய்ப்பிப்பதும் திருமண வழக்குகளும் திருச்சபை நீதிமன்றங்களின் அதிகாரத்தில்தான் இருந்தன. இப்போது ஆலயக் கட்டடத்தில் செய்யும் மாற்றம், கல்லறையைத் தோண்டுதல், கல்வெட்டு வாசகம் போன்றவற்றுக்கு அவருடைய அனுமதி தேவை. 2020-ல் கவென்ட்ரி மறைமாவட்டத்தில் ஒரு ஐரியக் குடும்பம் தாயின் கல்லறைக் கல்லில் ‘என்றும் எங்கள் நெஞ்சில்’ என்ற பொருள்படும் ஐரிய மொழி வாசகத்தைப் பொறிக்கக் கேட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாமல் பொறித்தால் அரசியல் முழக்கமாகத் தெரியலாம் என்று நீதிமன்றம் மறுத்தது. மறு ஆண்டு மேல்முறையீட்டில் அந்த முடிவு ரத்தானது. தாய்மொழியில் தாய்க்கு எழுதும் ஒரு வரிக்கு இன்னொரு மொழியின் துணை வேண்டும் என்ற முதல் தீர்ப்பு, நீதிபதியின் நோக்கம் எதுவாயினும், அந்தக் குடும்பத்துக்கு அநீதியே.

சட்டச் சான்சரியும் திருச்சபை நீதியும் ஒரே கூரையின்கீழ் சென்னைக்கு வந்தன. 1801-ல் தொடங்கிய சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் பொதுச் சட்டம், ஈக்விட்டி, கடல் வழக்கு, திருச்சபைச் சட்டம் என்று தனித்தனிப் பக்கங்கள் இருந்தன. உயில் மெய்ப்பிப்பு திருச்சபைப் பக்கம். டிரஸ்ட் வழக்குகள் ஈக்விட்டிப் பக்கம். 1794-ல் இறந்த துபாஷி பச்சையப்ப முதலியார் தம் செல்வத்தைக் கோயில்களுக்கும் அறப்பணிகளுக்கும் எழுதிவைத்திருந்தார். அந்தச் சொத்து பல பத்தாண்டுகள் வழக்கில் சிக்கியது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் முயற்சி எடுத்தார். உயில் சொன்ன கோயில் காரியங்களுக்குப் போக மிஞ்சியதைக் கல்விக்குச் செலவிடத் திட்டம் வகுக்கப்பட்டது. 1842-ல் பள்ளி தொடங்கியது. அதிலிருந்து வளர்ந்ததே பச்சையப்பன் கல்லூரி. கொடையாளரின் கருத்துக்கு மிக அருகில் உள்ள நோக்கத்துக்குப் பணத்தைத் திருப்பிவிடுவது சான்சரி வளர்த்த வழிமுறை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் வாழ்க்கை அதனால் மாறியது.

எல்லா இடத்திலும் சான்சரியின் டிரஸ்ட் பொருந்தவில்லை. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற மட வழக்கு ஒன்றில் 1921-ல் பிரிவி கவுன்சில், ஆங்கிலேயர் கருதும் டிரஸ்ட் இந்து அறநிலைய முறைக்குப் புதிது, மடாதிபதி டிரஸ்டி அல்லர் என்று சொன்னது. தெய்வத்தையே சொத்தின் உரிமையாளராகக் கருதும் மரபின்மேல் வேறொரு நாட்டின் அச்சைப் பதிக்க முயன்ற குழப்பத்தை அந்தத் தீர்ப்பு ஓரளவு தெளிவாக்கியது. இருந்தும் 1882-ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டமும், பொது அறக்கட்டளைக்குத் திட்டம் வகுக்கக் கோரும் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவும், 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வழிச் சட்டமும் சான்சரியின் சொத்துகளே. இங்கிலாந்துச் சான்சரியில் 1852-ல் ஒழிக்கப்பட்ட மாஸ்டர் பதவியின் பெயர் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடில் இன்றும் வழங்குகிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவு, முழுமையான நீதி வழங்கத் தேவையான எந்த ஆணையையும் பிறப்பிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சான்சலரின் பழைய அதிகாரத்துக்கு இந்தியாவில் மிக நெருக்கமானது இதுவே. 2022 மே 18-ல் ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதி பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுவித்தது இந்தப் பிரிவைப் பயன்படுத்தித்தான். 2025 ஏப்ரலில் தமிழக ஆளுநர் நிறுத்திவைத்திருந்த 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றவையாகக் கருதப்படும் என்று இரு நீதிபதிகள் அமர்வு சொன்னதும் இதைக் கொண்டே. அதே ஆண்டு நவம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள் அமர்வு, 142-ஐக் கொண்டு ஒப்புதல் கிடைத்ததாகக் கருத முடியாது என்று கருத்துச் சொன்னது. செல்டன் கேட்ட கேள்வி டெல்லியில் இன்னும் விசாரணையில் இருக்கிறது.